எல்லாச் சரக்கும் போட்ட இறைச்சி

என் மகளின் உம்மாவுக்கு, ஸலாம்.

நீ போனை எடுப்பதில்லை என்பதால் இதை எழுதி மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். கோபித்துக்கொண்டு அக்குறணையில் உன் தங்கச்சி வீட்டுக்குப் போனதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. "டின்னைத் திறந்து கொட்டுறதும் ஒரு சமையலா?" என்று நான் கேட்டது வெறும் கேள்விதான்.

நீ டின்னில் வாங்கும் அந்த உப்பில் ஊறிய மாட்டிறைச்சியை, கோர்ன்ட் பீஃபை, வீட்டிலேயே செய்து காட்டுகிறேன் என்றேன் அல்லவா? செய்துவிட்டேன்.

யூடியூபில் பார்த்துவிட்டு, இறைச்சியை ஊறவைக்கும் உப்புத் தண்ணீருக்குச் சரக்கு வாங்கக் கண்டி மார்க்கெட்டுக்குப் போனேன். கடுகும் கராம்பும் கிடைத்தன. கடைசியாக ஓல் ஸ்பைஸ் கேட்டேன். இங்கிலீஷில் 'எல்லாச் சரக்கும்' என்று கேட்டாலும், அது மிளகு மாதிரி ஒரு தனிச் சரக்கின் பெயராம். அப்போது எனக்கும் தெரியாது, கடைக்காரர் செல்லச்சாமிக்கும் தெரியாது.

"எல்லாமே வேணுங்களா, மொதலாளி?"

"ஓ, அதுதான்."

பெருஞ்சீரகம் முதல் கொறக்காப் புளி வரை கடையில் இருந்த அத்தனையிலும் ஒவ்வொரு பிடி அள்ளிக் கட்டித் தந்தார். நான் அவ்வளவையும் போட்டேன்.

ஒரு கிழமை ஃபிரிட்ஜில் ஊறி, வெந்து வந்தபோது இறைச்சி கறுத்திருந்தது. வீடு முழுக்க ரச வாசம். பக்கத்து வீட்டு மஹ்ரூப் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"மதினி எப்ப வாறாங்க?"

இன்னொரு துண்டை வெட்டி நீட்டினேன். எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் அங்கே வருகிறேன். தங்கச்சியைப் பயப்பட வேண்டாம் என்று சொல். இறைச்சி கொண்டுவர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மகளின் வாப்பா