வீடு பூட்டியிருந்தது

ஆவணி, செவ்வாய்க்கிழமை.

தடுப்பூசிக் கணக்கெடுப்பில் விடுபட்ட வீடுகளுக்கு இன்று இரண்டாம் முறை போனேன். முதலில் செல்வி வீடு.

போன மாதம் போனபோது அவள் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. நாலு வயது மூத்தவனுக்குத் தட்டம்மை. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்று வளர்ந்தவள்தானே நானும், தெருவோடு திரும்பிவிட்டேன். படிவத்தில் வேப்பிலைக்குக் கட்டம் கிடையாது. ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

இன்று வேப்பிலை இல்லை. செல்வி பட்டாசு வேலைக்குப் போகாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“அன்னைக்கும் வந்தீகல்லக்கா? ஜன்னல் வழியா பாத்தேன். கூப்பிடுவீகன்னு நெனச்சேன்.”

சின்னவளுக்கும் அம்மை தொற்றி, நெஞ்சில் சளி கட்டி, போன வாரம் செத்துப்போனாளாம். பத்து மாசப் பிள்ளை. ஏன் ஊசி போடவில்லை என்று கேட்டுத் தொலைத்தேன்.

“மூத்தவனுக்கு மொத ஊசிக்கே ரெண்டு நாள் காய்ச்சல். அதோட விட்டுட்டேன். சீசன்ல லீவு போட்டா கம்பெனியில வேற ஆளச் சேத்துருவாகக்கா. சின்னவளுக்குத் தீபாவளி கழியட்டும்னு இருந்தேன்.”

வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா என்பது படிவத்தின் முதல் கேள்வி. ‘இல்லை’ என்று எழுதினேன். அந்த வீட்டைப் பற்றி நான் எழுதிய முதல் உண்மை.

படிவக் கட்டைப் புரட்டிக்கொண்டே இருக்கிறேன். பூட்டியிருந்தது, பூட்டியிருந்தது என்று தாளுக்குத் தாள் என் கையெழுத்து. இதில் எந்த வீட்டில் நிஜமாகவே பூட்டு தொங்கியது?