பென்ஃபோல்டுக்கு ஒரு விசில்

பிராங்பேர்ட்
16.10.2006

அன்புள்ள அப்பாவுக்கு சாருலதாவின் வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா?

ஆங்கிலப் படங்களில் சமையல்காரராக, டாக்டராக ஒரே நிமிடம் தலைகாட்டும் ராய் பென்ஃபோல்டைப் பார்த்ததும், "நம்மாளு வந்துட்டான்!" என்று திருச்சி தியேட்டரில் விசிலடிப்பீர்களே, அவர் நேற்று மாலை இங்கே ஓர் ஆங்கில நாடகத்தில் நடித்தார். ஐம்பது வருடம் மேடையிலும் சினிமாவிலும் துண்டு வேடம் போட்டவருக்கு எழுபத்திரண்டு வயதில் ராஜா வேடம்! கிரீடத்தோடு அவர் வந்ததும், நீங்கள் சொல்லித்தந்தபடி நாக்கை மடித்து அடித்தேன் ஒரு விசில். அரங்கமே திரும்பி முறைத்தது. இந்த ஊரில் நடிப்பு பிடிக்காவிட்டால்தான் விசிலடிப்பார்களாம்!

நாடகம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். உங்களைப் பற்றிச் சொன்னேன். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நான் மேடைக்கு வந்ததுக்காக இதுவரை யாரும் சந்தோஷமா விசிலடிச்சதில்லம்மா. இன்னொரு தடவை அடி" என்றார். அடித்தேன். அவர் கையெழுத்திட்ட டிக்கெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது மட்டும் விசிலைக் கைதட்டலாக மாற்றிவிடுங்கள்.

பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்புங்கள். டிராம் வருகிறது, ஆபீசுக்கு ஓடவேண்டும். நான் உள்ளே நுழைந்தால் "நம்மாளு வந்துட்டா" என்று சொல்ல அங்கே யாருமில்லை அப்பா. அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்யும்போது ஹலோ சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, ஒரு விசில் அடியுங்கள்.

உங்கள்
சாரு