சீருடையில் ஒரு பொரிக்கடலை விருந்து

மாலையில் வகுப்பறை மூலையில் பொரி மூட்டையைப் பிரித்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம்தான் வந்தது. நாளையோடு காலாண்டு விடுமுறை விடுகிறார்கள். பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு கொண்டாட்டம்: பொரி, பொட்டுக்கடலை, சுண்டல், கொஞ்சம் பலூன். எல்லாம் வழக்கம்போலத்தான், நீ மட்டும் இல்லை. பங்குனியில் நோய் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் பக்கத்து வகுப்பில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால் நீதான் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளியில் நாம் சேர்ந்து நடத்திய முதல் கொண்டாட்டம் நினைவிருக்கிறதா? நீ ஐந்தாம் வகுப்பு டீச்சர், நான் நான்காம் வகுப்பு. பொரியில் வெல்லம் கலப்பதா, காரம் கலப்பதா என்பதற்கே நமக்குள் பெரிய வழக்கு. அதற்குள் நீ என்னைக் கேட்காமலேயே இரண்டு வகுப்புக்கும் கலர் டிரஸ் என்று அறிவித்துவிட்டாய். நான் முறைத்தேன்.

"பசங்க ஒரு நாளு ஜாலியா வரட்டுமே. உனுக்கு இன்னா வலிக்குது?" என்றாய்.

முந்தின நாள் மதியம் உன் வகுப்பு அஞ்சலை நம்மிடம் வந்து நின்றாள். கரும்பு வெட்டப் போகிறவர்களின் பெண்.

"டீச்சர், நாளிக்கு எனுக்கு ஜொரம் வரும்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கடையிலும் அவளை இதே சீருடையில்தான் பார்த்ததாக, அவள் போன பிறகு சொன்னாய். அரசாங்கம் கொடுத்ததைத் தவிர அவளிடம் கிழியாத துணி இல்லை.

"ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"குடுத்தா அது வெக்கப்பட்டுக்கினு ஸ்கூலுக்கே வராது" என்றாய்.

கடைசி மணிக்கு முன் வகுப்பில் போய் நின்று கூசாமல் ஒரு பொய் சொன்னாய். "நாளிக்கு ஆபீசர் வராரு. எல்லாரும் யூனிபார்ம்லதான் வரணும்."

கூரை பறக்காத குறைதான். புதுப் பாவாடையைத் தைத்து வைத்திருந்த ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள். "டீச்சர் ஏமாத்திட்டாங்க" என்று பின்வரிசை கத்தியது. ஒரு பிள்ளை முகம் சுளித்தாலே நாளெல்லாம் வாடிக் கிடப்பவள் நீ. அன்று திரும்பி நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தாய்.

மறுநாள் அஞ்சலைதான் முதல் ஆளாக வந்தாள். எண்ணெய் வைத்து வாரிய தலையில் கனகாம்பரம். ஜுரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆனால் நீ யோசிக்காத ஒரு சிக்கல் வந்தது. பொரியைத் தட்டில் போட்டதும் ஒருத்தரும் கை வைக்கவில்லை.

"ஆபீசர் வராம எப்டி டீச்சர் துன்றது?"

"வந்துக்கினே இருக்காரு" என்றாய். பொரி நமத்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தாய், நான் வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஓடிப்போய் சத்துணவு சமைக்கும் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாய்.

"இன்னிக்கு ஆபீசர் இவங்கதான்!"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எல்லாம் நகம் வெட்டிக்கினு வந்தீங்களா? நீட்டு கைய!" என்று அதட்டினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அஞ்சலை இரண்டு முறை சுண்டல் வாங்கிக்கொண்டாள்.

புதுப் பாவாடைக்காரி மட்டும் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகும் பல நாள் உன்னிடம் பேசவில்லை. "நிஜத்தைச் சொல்லிடேன்" என்றேன்.

"சொன்னா எல்லாரும் அஞ்சலையத்தான் திரும்பிப் பாப்பாங்க. என்னியே திட்டட்டும். எனுக்கு ஒண்ணும் வலிக்கல."

அன்று நீ உன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. உனக்கு வலித்தது, எனக்குத் தெரியும்.

இந்த வருடம் என் பிள்ளைகளும் கலர் டிரஸ் கேட்டார்கள். சீருடைதான் என்றேன், காரணம் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் ஒருத்தர்கூட டாட்டா காட்டாமல் போனார்கள். இவர்களில் நல்ல துணி இல்லாத பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. அது யாருக்கும் தெரியவே கூடாது என்றுதான் இந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். கோபத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன், டீச்சர். அதைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.