டர்போவைத் தின்ற ஆயில்

பங்குனி 17, திங்கள்

வெயில். காலையிலேயே ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டுகிறது.

நான் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு எழுத்து பிசகவில்லை. அக்கா மகன் பிரபுவின் கார் கும்பகோணம் போகிற வழியில் நீலப் புகை கக்கி நின்றுவிட்டது. டர்போ காலி. கட்டி இழுத்துத் தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறான். தனபால் கடை ஆயிலை ஊற்றிய அன்றே சொன்னேன், இது இன்ஜினைத் தின்னும் என்று. அக்காவிடம்தான் சொன்னேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்ததாம், காதில் விழவில்லையாம்.

தனபால்: மயிலாடுதுறையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அவன் மகளைத்தான் பிரபுவுக்குப் பேசியிருக்கிறது. சித்திரையில் நிச்சயம். பேச்சு ஆரம்பித்ததிலிருந்து பிரபு அவன் கடையிலேயே ஆயில் வாங்குகிறான். ஆயில் வாங்கப் போகிறானா, பெண்ணைப் பார்க்கப் போகிறானா, கடவுளுக்கே வெளிச்சம்.

ஆயில் விஷயத்தில் இந்த ஜில்லாவில் எனக்கு மேல் ஆள் இல்லை. போர்செட் டீசல் இன்ஜினை எத்தனை வருஷம் மேய்த்திருக்கிறேன். இரண்டு விரலால் தொட்டு இழுத்தால் நூல் போல வர வேண்டும். தனபால் ஆயில் ரசம். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் விசிறி. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றோ கோடிச் சுற்றோ. அதற்கு ரசம் ஊற்றினால்?

இன்று அக்காவிடம் விளக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே கேள்வி. "மாப்பிள்ள வண்டிக்கே மட்ட ஆயில ஊத்துறவன் வீட்டுல பொண்ணு எடுக்கணுமாடா?" நல்ல கேள்வி. என் அக்கா அல்லவா.

பிரபு பாதிச் சோற்றில் எழுந்து போய்விட்டான்.

வாங்க வேண்டியது: பிளேடு, வேப்பம் புண்ணாக்கு. செல்லுக்கு ரீசார்ஜ்.

பங்குனி 18, செவ்வாய்

பிரபுவோடு ஒர்க்‌ஷாப். மெக்கானிக் கையில் நீல க்ளவுஸ். ஆபரேஷன் டாக்டர் என்று நினைப்பு. தொப்பை வேறு.

ஆயில் கம்பெனியைப் பற்றி நானே ஆரம்பித்தேன். சிரித்தான். "எந்தக் கம்பெனிங்கறது அப்புறங்க. வண்டிக்குச் சொன்ன கிரேடா, மாத்த வேண்டிய நேரத்துல மாத்துனாங்களா, அதான் பாக்கணும். ரெண்டும் சரியாத்தான் இருக்கு."

தண்ணீராக இருக்கிறதே என்றேன். புது வண்டிக்கு அப்படித்தான் இருக்க வேண்டுமாம். நான் சொல்கிற போர்செட் ஆயிலை ஊற்றினால்தான் கெடுமாம். மூஞ்சியைப் பார்.

பிறகு ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பேப்பரில் தட்டினான். புழுதி. உளுந்தம் பொட்டு, தோலும் தூசியுமாக ஒரு பிடி இருக்கும். உடையாத நெற்று ஒன்று. மூச்சு அடைத்துப்போய் டர்போ தன் ஆயிலையே உறிஞ்சிவிட்டதாம், உள்ளே போன புழுதி விசிறியை அறுத்துவிட்டதாம். "யாருங்க கார்ல உளுந்து அடிச்சது?"

நான்தான். போன வாரம் டிராக்டர்காரன் வருகிறேன் வருகிறேன் என்று ஏமாற்றினான். அறுத்த உளுந்துச் செடி ரோட்டில் பரப்பிக் கிடக்கிறது. பிரபு ஏர்போர்ட்டுக்கு வாடகை டிரிப் போய்வந்து தூங்குகிறான். சாவி ஆணியில். இரண்டு மத்தியானம் முன்னும் பின்னும் ஓட்டினேன். போன வருஷமும் ஓட்டினேன். ஒரு பருப்பு நசுங்கவில்லை. ஊரே நின்று பார்த்தது. டிராக்டருக்கு அந்தப் பதம் வராது.

மெக்கானிக்கிடம் இதெல்லாம் எதற்கு. டெல்டாவில் எந்த ரோட்டில் போனாலும் உளுந்து மேல்தான் வண்டி போக வேண்டும் என்றேன். பொய்யா?

"மேல போறது வேறங்க. அங்கேயே திருப்பித் திருப்பி ஓட்டிப் புழுதியக் கெளப்புறது வேற."

பிரபு என்னைப் பார்த்தான். நான் எதிரே டீக்கடையைப் பார்த்தேன்.

உளுந்து இட்லிக்குப் போகிற சாமான். அது இரும்பை அறுக்குமாம். இவனெல்லாம் மெக்கானிக்.

டீ மோசம். வடை பரவாயில்லை.

பங்குனி 20, வியாழன்

புழுக்கம். கரண்ட் இல்லை.

தனபால் வந்தான். அக்கா போனில் என்னவோ கேட்டிருக்கிறாள். சலவை வேட்டி, கையில் அதே ஆயில் டப்பா, சீல் உடைக்காதது. தாம்பூலத் தட்டு மாதிரி அக்கா முன்னால் வைத்தான். தன் வண்டிக்கும் இதைத்தான் ஊற்றுகிறானாம். குறை என்றால் என்ன குறை என்று சொல்ல வேண்டுமாம்.

கடைக்காரனுக்கு ரோஷம். விடுவேனா. முத்துப்பேட்டை இறால் பண்ணைக் கதையை எடுத்து விட்டேன். முதலாளி என் சிநேகிதன். ஒரே மாதிரி டர்போ கார் இரண்டு. ஒன்றுக்கு நான் சொன்ன ஆயில், இன்னொன்றுக்குத் தனபால் விற்கிற ஆயில். ஒரே ரோடு, ஒரே ஓட்டம். பிறகு இரண்டு இன்ஜினையும் பிரித்தார்கள். ஒன்று கண்ணாடி மாதிரி. மற்றது தேங்காய்த் துருவி மாதிரி. என் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், ரத்தம் வந்தது. தழும்பைக் காட்டினேன். (அருவாமணைத் தழும்பு. இருக்கட்டும்.)

அக்கா வாயைப் பிளந்தாள். தனபால் முகம் சுருங்கிவிட்டது. அந்த இன்ஜின் இன்னும் இருக்கிறதா என்றான். ஷெட்டில்தான் கிடக்கிறது என்றேன். வாய் அதுவாகப் போனது.

"அப்ப நாளைக்குப் போய்ப் பாத்துடுவோங்க. நீங்களும் வாங்க. நீங்க சொன்ன மாதிரி இருந்தா அந்த ஆயில கடையில வைக்க மாட்டேன், எஞ் செலவுல புது டர்போ மாட்டித் தர்றேன். இல்லன்னா, என்னைய மட்டமாப் பேசுன வீட்டுக்கு எம் பொண்ணு வர மாட்டா."

சத்தம் போடவில்லை. அக்கா கொடுத்த காபியைத் தொடவும் இல்லை.

அவன் போன பிறகு பிரபு கொல்லைப்பக்கம் வந்தான். "உளுந்து அடிச்சது நீங்கதான்னு தெரியும் மாமா. அம்மாகிட்ட நான் சொல்லல. நீங்களே அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. அந்தப் பொண்ண எனக்குப் புடிச்சிருக்கு."

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மாமனிடம் எப்படிப் பேசுவது என்றே தெரியவில்லை. நாளை பார்ப்போம் என்றேன்.

பங்குனி 21, வெள்ளி

மப்பு. மழை வராது.

வாசலில் தனபால் வண்டி. பிரபு ஏறிவிட்டான். தலை சீவவில்லை. அக்கா புளிச்சோறு கிளறித் தூக்குவாளியில் போட்டுவிட்டாள், சிநேகிதன் வீட்டுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. எந்தச் சிநேகிதன்.

முத்துப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணைக்கா பஞ்சம், ஏதோ ஒன்றில் பிரித்துப் போட்ட இன்ஜின் இல்லாமலா போகும் என்று விடியும் வரை யோசனை. இருந்தாலும் இரண்டு வேண்டுமே. ஒன்று கண்ணாடி, ஒன்று துருவி.

வழியில் சொல்லிக்கொள்ளலாம். மன்னார்குடியில் டீ குடிக்க நிறுத்துவான், அங்கே சொல்லலாம். உளுந்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தனபாலிடம். அந்த ஆயில் டப்பாக்காரனிடம்.

ஹாரன் அடிக்கிறான்.

முத்துப்பேட்டைக்கு நான் போனது ஒரே தடவை, நண்டு வாங்க. இரண்டு காரும் கிடையாது.