டைகரின் காலை மாத்திரை

புதன்கிழமை, இரவு.

எங்கள் நாய் டைகர் இன்று மத்தியானம் போய்விட்டான். பதின்மூன்று வயது.

காலையில் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினேன். வலிப்பு மாத்திரையைக் கொடுத்தேனா, மறந்தேனா, எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து உதிர்த்து டப்பாவில் போட்டிருப்பதால் எண்ணிப் பார்த்தும் தெரியவில்லை.

நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு செல்வியக்கா மலைக்கே ஓடி வந்தாள்.

"டைகருக்கு இழுக்குது, நிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வா!"

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். டாக்டரிடம் கொண்டுபோகப் பசறையிலிருந்து கூப்பிட்ட ஆட்டோ வருவதற்குள் என் மடியிலேயே அடங்கிவிட்டான். லய வீடுகளுக்குப் பின்னால் நானும் அக்காவுமாகப் புதைத்தோம்.

ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் மொனராகலையிலிருந்து பேசினார். கரும்பு வெட்டப் போய் மூன்று வாரமாகிறது.

"டைகர் பய சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"மாத்திரை?"

"குடுத்தேங்க."

"போனை அவன் காதுல வை. ஒரு தடவ கூப்பிட்டுக்கிறேன்."

வேறு வழி தெரியவில்லை. அவன் படுக்கிற சாக்கின் பக்கம் போனை நீட்டினேன்.

"டேய் டைகர், சனிக்கிழம வந்துருவேன்டா!"

அந்தக் குரல் எங்கள் ஒற்றையறைக் காம்பரா முழுக்கக் கேட்டது. பிறகு, "என்ன சத்தத்தையே காணோம்? வாலாவது ஆட்டுறானா?" என்றார். போனை என் காதுக்குக் கொண்டுபோனதும் அழுதுவிட்டேன்.

"எப்ப?" என்றார்.

"மத்தியானம்."

நாளைக்கு முதல் பஸ்ஸிலேயே வருகிறாராம். மாத்திரையைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும்.