விருந்தாளிகள் போகாத வீடு

நெவ்ஸாத்துக்கு,

நலம் விசாரிக்கும் வழக்கத்தை இம்முறை தவிர்க்கிறேன். ஞாயிறன்று அப்பாவை நம் சொந்த ஊரான ஓர்தாஹிசாருக்கு அழைத்துச் சென்று, மாலைக்குள் அவரோடு கைசேரிக்குத் திரும்பினேன். ஒரு நாளாவது தம் வீட்டில் படுத்துறங்க வேண்டுமென்று கெஞ்சினார். அந்த வீட்டை நீ விடுதிக்காரர்களுக்கு விற்றுவிட்டாய் என்பதை அங்கே வைத்தே சொல்லிவிடத் தீர்மானித்திருந்தேன்.

நம் வீட்டைக் குடைந்தெடுத்த, எரிமலைச் சாம்பல் இறுகிய அந்தப் பாறை மாறவில்லை. முன்னோர் குடைந்த அறைகளை அடுத்து, நீ பிறந்த குளிர்காலத்தில் அப்பா தம் கையால் குடைந்த அறையும் இருக்கிறது. அதில் இப்போது விடுதிக் கட்டில். வாசலில் அவர் காலணியைக் கழற்றினார். உள்ளேயிருந்த வெளிநாட்டுப் பெண் திகைத்து எழுந்தாள்.

"உட்காரும்மா, உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ," என்றவர், என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார். "உன் தம்பி நெவ்ஸாத் சொன்னது சரிதான். விருந்தாளிங்க இன்னும் கெளம்பல."

"அப்பா, அவங்க..."

"வாயை மூடுடா! எப்போ போவீங்கன்னு விருந்தாளியக் கேப்பாங்களா? புரொபசர் ஆயிட்டா மரியாதை மறந்துடுமா?"

உன் சாமர்த்தியம் அப்போதுதான் முழுமையாக விளங்கியது. நம்மவர் எவரும் கேட்கத் துணியாத ஒரு கேள்விக்குப் பின்னால் நீ ஒளிந்திருக்கிறாய். சாகும்வரை அவர் அதைக் கேட்கமாட்டார் என்பது உனக்குத் தெரியும்.

காரில் ஏறியதும், "பனி விழறதுக்குள்ள போயிடுவாங்கல்ல?" என்றார். மருத்துவர் அவர் உயிருக்குச் சொன்ன கெடு பனிக்காலம்வரை நீளாது.

"போயிடுவாங்கப்பா," என்றேன்.

உன் பொய்யை இப்போது என் வாயும் சொல்லிவிட்டது. இதை மன்னிக்கமாட்டேன். பதில் எழுதாதே.

இப்படிக்கு,
அவருடைய மூத்த மகன்