நான்கு லிட்டர்

ஜனவரி 9, வெள்ளி

ராஜஸ்தான் பாலைவன நடைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் சுமப்பது என்ற மாபெரும் கேள்விக்கு இன்று தீர்வு கண்டேன்: நான்கு.

மாலையில் சேகரின் மனைவி வந்தார். என்னோடு இந்த நடைக்கு வரவிருந்த சேகர், போன சித்திரையில் ஆற்று மணலில் பயிற்சியின்போதே இறந்துபோனான். அவனுடைய புது முதுகுப்பையைக் கொடுத்தார்.

"நீங்களே எடுத்துகினு போங்கண்ணா. அன்னிக்கு ஆத்துல தண்ணி எதுனா கேட்டாரா?"

"இல்லம்மா. பேசிகினே வந்தான், அப்டியே சாஞ்சிட்டான்."

மூன்று முறை கேட்டான். தாகத்தையும் பழக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு, பாட்டிலை என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் போனதும், அந்தப் பையில் நான்கு பாட்டில்களை நிரப்பிக்கொண்டு அதே ஆற்று மணலில் இரண்டு மணி நேரம் நடந்தேன்.

நான்கும் திறக்காமலே வீடு வந்தன.